பழங்கலம் பேணுதல்

அக்குறணை கடல் காணாத மலைநாட்டு ஊர். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குச் செல்வோர் எம்மூர்க் கடைவீதியைக் கடந்தே செல்வர். எனினும் கடலோடு எமக்கு இரண்டு வழிகளால் உறவு உண்டு. ஒன்று நிலவழி: எம்மூரை ஊடறுத்து ஓடும் ஏ9 நெடுஞ்சாலை வடக்கே யாழ்ப்பாணத்திற் போய் முடிகின்றது. மற்றொன்று நீர்வழி: எம்மூர்ப் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு கலக்கின்றது, மகாவலியோ பொல்கொல்லையையும் விக்டோரியா நீர்த்தேக்கத்தையும் கடந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது. கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் சொல் சிங்களத்தில் துறையைக் குறிப்பது. ஆகவே, அக்குறணையில் வாழும் தமிழாசிரியன் ஒருவன் படகைப் பற்றி எழுதப் புகுவது முற்றும் பொருந்தாச் செயல் அன்று.

என்னிடம் தமிழ் பயின்று இன்று வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் திருகோணமலையிற் பழைய படகொன்றை விலைக்கு வாங்கினார். உள்ளே சிறியதோர் அறையும், இருவர் படுக்க இடமும், எஞ்சினும் உடைய, குடும்பத்தோடு உலாவரும் படகு அது. வாங்கிய கையோடு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சேர், படகு பழசுதான், ஆனா விலை வாய்ப்பா இருந்திச்சு. நல்ல தமிழ்ப் பேரொண்டு வெச்சுத் தாங்க. ஏசி, பாட்டு எல்லாம் பூட்டப் போறேன்" என்றார். அதன் அடிப்பாகத்தைக் கரையேற்றிப் பார்த்தவர் யார் என்று வினவினேன். விடை வரவில்லை. அவ்விடை இல்லாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

மூன்று சொற்கள்

பழம்பொருளைக் கைக்கொண்டோர் செய்யத்தக்கவற்றைக் குறிக்க நம் மொழியில் மூன்று சொற்கள் உள்ளன: பேணுதல், செப்பனிடுதல், புதுக்குதல். பழுது வராமற் காப்பது பேணுதல். வந்த பழுதை நீக்குவது செப்பனிடுதல். பொருளை முன்னிருந்த நிலையினும் மேம்பட்ட நிலைக்குக் கொணர்வது புதுக்குதல். இம்மூன்றும் வரிசையாக நிகழவேண்டியவை. முதலிரண்டையும் விடுத்து மூன்றாவதிற் குதிப்பவர், உளுத்த சுவருக்குச் சுண்ணம் பூசுபவரை ஒப்பர்.

நம் முன்னோர் இவ்வரிசையை நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வழங்கும். கோயிலைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்கு அது பெயர். நூறாண்டு கழித்து விழக்கூடிய கல்லுக்கும் அவர்கள் முன்கூட்டியே பொருள் ஒதுக்கிவைத்தனர். படகு வைத்திருப்போரும் கலத்தின் விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் அதன் பராமரிப்புக்கென ஒதுக்கவேண்டும் என்று கணக்குச் சொல்வர். அதுவே படகுக்குரிய புதுக்குப்புறம். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துப் படகு வாங்கியவர், அதனை நீரில் அழியவிடுவதற்கே வாங்கியவராவார்.

அறையுடைய கலங்கள்

படகினுள் அறை அமைத்து வாழ்வது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவோர் உளர். போஜ மன்னன் பெயரால் வழங்கும் 'யுக்திகல்பதரு' என்னும் வடமொழி நூல், அறையின் இடம்பற்றிக் கலங்களை மூன்றாக வகுக்கின்றது. முனையிலிருந்து முனைவரை அறையுடையது சர்வமந்திரை. நடுவில் அறையுடையது மத்தியமந்திரை. முன்பக்கத்தில் அறையுடையது அக்கிரமந்திரை. கருவூலப் பொருள், குதிரை, பெண்டிர் ஆகியோரைக் கொண்டு செல்ல முதலாவது. அரசர் உலாவரவும் மழைக்காலத்துக்கும் இரண்டாவது. நெடும்பயணத்துக்கும் போருக்கும் மூன்றாவது என்று பயனையும் அந்நூல் கூறும்.

இப்பாகுபாட்டில் ஓர் அரிய நுட்பம் பொதிந்துள்ளது. அறை எங்கே அமையவேண்டும் என்பதை அழகு தீர்மானிக்கவில்லை. பருவமும் பயனுமே தீர்மானித்தன. பழைய படகைப் புதுக்க எண்ணுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே: இக்கலம் எதற்காகக் கட்டப்பட்டது? யான் இதனை எதற்காகப் பயன்படுத்தப் போகின்றேன்? குடாவின் அமைதியான நீருக்கென ஆக்கப்பட்ட படகை எத்துணைப் பொருள் செலவிட்டுப் புதுக்கினும் அது வாடைக்கடலைத் தாங்காது.

தமிழிலும் இத்துறைக்கு நூல் உண்டு. 'கப்பல் சாத்திரம்' என்னும் சுவடி 1950ஆம் ஆண்டு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வாயிலாக அச்சேறியது. மரத்தின் குறைபாடுகளையும் உறுப்புகளின் அளவுகளையும் அது பேசுகின்றது. மரத்திற் காணும் குறிகளுக்குப் பலன் கூறும் பகுதியைச் சோதிடம் என ஒதுக்குவோரும், வாங்குமுன் ஒவ்வொரு பலகையையும் உற்றுநோக்கும் பழக்கத்தை அது ஊட்டியதை மறுக்கவியலாது.

அமெரிக்கா சென்ற அன்னபூரணி

பயன்படுத்திய கலமொன்றை விலைக்கு வாங்கி, அதன் தகுதியறிந்து நெடுங்கடலுக்கு விட்ட வரலாறு நம் நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். அதன் நீளம் ஏறத்தாழ 32 அடியே. கனவு என்னும் பொருள்படும் வடசொல்லையே அவர் தம் படகுக்குப் பெயராக வைத்தார். பின்னர் மனைவியோடு அதே படகிற் கலாபகசுத் தீவுகளுக்குச் சென்றார். அங்கே 1934இல் குடல்வால் அழற்சியால் உயிருக்குப் போராடிய அவரை அமெரிக்கக் கடற்படையினர் மீட்டுச் சென்றனர். படகோ அங்கேயே நின்றுவிட்டது. மீண்டும் அவர் கைக்கு வரவேயில்லை. உடையவன் கண்ணிலிருந்து நீங்கிய படகுக்கு ஆயுள் குறைவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அவ்வாறு கலம் இழந்த றொபின்சன் பின்னர் இலங்கைக்கு வந்தபோது அவர் உள்ளத்தைக் கவர்ந்தது வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. இரண்டு பாய்மரம், 89 அடி நீளம், 19 அடி அகலம். சரக்கேற்றி உழைத்த கலம் அது, அலங்காரம் எதுவுமில்லாதது. அதனை அவர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தினர். சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் 1ஆம் நாள் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையை அக்கலம் அடைந்தது.

இச்செய்தியை வீரகாதையாக மட்டும் கேட்டு மகிழ்தல் போதாது. கடலிற் கப்பல்களே நிறைந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர், உலகைச் சுற்றி வந்த அனுபவமுடையவர், வல்வைத் தச்சர் கட்டிய பழங்கலத்தை ஏன் தேர்ந்தார்? அதன் மேற்பூச்சைக் கண்டு அவர் மயங்கியிருக்க இயலாது. எலும்புக்கூடு போன்ற அதன் கட்டுமானமும், பல ஆண்டுகள் அதனைப் பேணி வந்த கைகளின் திறமுமே அவரை நம்பவைத்தன என்று யான் கருதுகின்றேன். கலத்தோடு கலத்தை அறிந்த மனிதரையும் அவர் அழைத்துச் சென்றது இதற்குச் சான்று. பின்னர் இப்சுவிச் என்னும் ஊரில் தாமே ஒரு கப்பற் பட்டறை அமைத்துக் கலங்கள் கட்டியவர் அவர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

கலப்பற்று

மரக்கலத்தின் உயிர் அதன் பலகைகளில் மட்டும் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்துகளில் இருக்கின்றது. அப்பொருத்துகளிற் பஞ்சையோ நாரையோ இறுக அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பசையால் மூடும் தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். கலத்தைப் பற்றி நிற்பது என இதனைத் தமிழாகவே பிரித்துப் பொருள் கொள்வாரும் உளர். அரபு மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் இதே தொழிலைக் குறிக்கும் சொற்கள் இதனோடு ஒலியொற்றுமை உடையனவாய் இருத்தலையும் நோக்குதல் வேண்டும். சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. நாமும் கடலுக்கு வெறுங்கையோடு செல்லவில்லை: மலாய் மொழியினர் கப்பலைக் 'கப்பால்' என்கின்றனர், நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ஏறி உலகெங்கும் மிதக்கின்றது. முன்னோரைக் கடல்வழி வந்த அராபியரோடு இணைக்கும் மரபுக் கதையுடைய அக்குறணைக்கு இச்சொற்கள் அயலானவை அல்ல.

கலப்பற்று ஒருமுறை செய்து முடிப்பதன்று. வெயிலில் மரம் சுருங்கும், நீரிற் பருக்கும். அடைத்த பஞ்சு தளரும். ஆகையால் ஆண்டுதோறும் கலத்தைக் கரையேற்றி, பழையதைக் கிளறி நீக்கிப் புதியதை அடைப்பர். இதிலே வியப்பு என்னவெனில், மரக்கலத்துக்குக் கடல்நீரினும் மழைநீரே கொடிய பகை. மேற்றளத்தின் இடுக்குகளிற் புகுந்து தேங்கும் மழைநீர், மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு வீடாகின்றது. உப்புநீரோ அதனை ஓரளவு தடுக்கின்றது. இதனால் மலைநாட்டு நன்னீர்த் தேக்கத்திற் படகு வைத்திருப்போர் கடலோரத்தாரினும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். அவர்களுக்குள்ள ஓர் ஆறுதல், மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு நன்னீரில் வாழாது என்பதே.

செம்பும் நாகமும்

அக்கப்பற்புழு உண்மையிற் புழுவன்று. சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். பல பேரரசுகளின் கடற்படைகளை அது அரித்தது. அதனைத் தடுக்கப் பிரித்தானியக் கடற்படையினர் 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கலத்தின் அடியில் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தனர். புழு ஒழிந்தது, ஆனால் செம்பைத் தொட்டு நின்ற இரும்பாணிகள் கரைந்து போயின. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடுமாயின், அவற்றுள் ஒன்று மற்றதற்காகத் தன்னை அழித்துக்கொள்ளும். 1824இல் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர் இவ்வியல்பையே மருந்தாக்கினார்: செம்பைக் காக்க அதனோடு நாகத்தையோ இரும்பையோ பிணைத்தார். செம்பு கரையாது நின்றது. அதன் விளைவாக, கரையும் செம்பின் நஞ்சுக்கு அஞ்சி விலகியிருந்த கொட்டலசுகள் அடித்தட்டில் அடர்ந்து பற்றிக்கொண்டன! ஒரு குறையைத் தீர்க்கும் வழி மற்றொரு குறைக்கு வாயிலாகலாம் என்பதைப் புதுக்குவோர் மறத்தலாகாது.

டேவியின் வழி இன்றும் வாழ்கின்றது. எஞ்சின் படகின் அடியிலும் உந்துவிசிறியின் தண்டிலும் நாகக் கட்டிகள் பூட்டப்பட்டிருக்கும். தாம் கரைந்து பிறவற்றைக் காப்பதே அவற்றின் தொழில். பாதி கரைந்தவுடன் மாற்றவேண்டும். சில மாணவர் இது கேட்டு, 'ஆசிரியர் தொழில் போலும்' என்று நகைத்ததுண்டு. கட்டியை மாற்றாமல் விட்டால் விலையுயர்ந்த விசிறியே கரையத் தொடங்கும். இனி, பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் வண்ணத்திலும் கருத்து வேண்டும். முன்னர் பெருவழக்காய் இருந்த வெள்ளீயச் சேர்மப் பூச்சு கடலுயிர்களைக் கெடுத்தமையால், 2001இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து அதனை விலக்கியது. பழைய படகை வாங்குவோர் அதன் அடியில் எப்பூச்சு உள்ளது என அறியாமல் அதனைச் சுரண்டித் தூளாக்குதல் தகாது.

இன்றைய படகு

இக்காலக் குடும்பப் படகுகளிற் பெரும்பாலன மரத்தால் ஆனவை அல்ல. மீனவர் பைபர் என்று சொல்லும் கண்ணாடியிழையால் ஆனவை. பைபர் அழியாது என்பது பொதுவான எண்ணம். அதுவும் நீர் குடிக்கும், குடித்த நீர் உள்ளே கொப்புளமாய் எழும்பும், அடுக்குகள் பிரியும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாய் ஒலிக்கும். குயவனிடம் சட்டி வாங்கும் நம் தாய்மார் கையாளும் தேர்வு இதுவேயன்றோ!

எஞ்சினிலும் பார்க்கத்தக்கவை உள. அளவுகோலில் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் உள்ளே நீர் கலந்துள்ளது என்பது தெளிவு. கடலில் ஓடித் திரும்பிய பின் நன்னீரால் அதன் குளிரூட்டும் குழாய்களைக் கழுவுதல் வேண்டும். அடிப்பாகத்தில் நீர் உட்புகும் வால்வுகள் அனைத்தும் கையாற் சுழற்ற மூடவேண்டும். இறுகிப்போன வால்வு, குழாய் வெடிக்கும் நாளில் படகை மூழ்கடிக்கும். யாவற்றினும் கொடியது பெற்றோல் ஆவி. அது காற்றினும் கனமானது. அறையுடைய படகின் அடிக்குழியிற் கண்ணுக்குத் தெரியாமற் படிந்து கிடக்கும். எஞ்சினை முடுக்குமுன் காற்றாடியை நான்கு நிமிடமேனும் ஓடவிட்டு அதனை வெளியேற்றாதவர், தம் குடும்பத்தை வெடிமருந்துப் பெட்டிமேல் அமர்த்துபவராவார்.

ஏற்றும் எடை

இவை யாவும் ஒழுங்காயின பின்னரே புதுக்குதல். அதிலும் முன்னுரிமை உண்டு. நீர் இறைக்கும் பம்பி, தீயணைப்புக் கருவி, ஆளுக்கொன்றாய் உயிர்காப்பு அங்கி, துருவேறாத மின்கம்பி ஆகியன முதலிடம் பெறும். குளிரூட்டியும் பாட்டும் இறுதியில் வரட்டும். அவற்றையும் கூரைமேல் ஏற்றுதல் ஆகாது. படகின் எடை மேலே ஏற ஏற அதன் நிலைபேறு குறையும். சுவீடன் மன்னரின் 'வாசா' என்னும் பெருங்கப்பல் இதற்குச் சான்று. பீரங்கிகளும் மேற்றளச் சிற்பங்களும் மிகுந்து மேற்பாரம் கொண்ட அக்கப்பல், 1628 ஓகஸ்ட் 10ஆம் நாள் தன் முதற் பயணத்தில், ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தை விட்டு நீங்குமுன்னரே மெல்லிய காற்றுக்குச் சாய்ந்து மூழ்கியது. அழகு குறைந்ததால் அது மூழ்கவில்லை. அழகு மிகுந்ததாலும் மூழ்கியது.

அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மகாவலி கடல்சேரும் கொட்டியாரக் குடாவை அடுத்தே கிண்ணியா உள்ளது. அங்கே குறிஞ்சாக்கேணியிற் புதுப் பாலம் கட்டப்பட்டு வந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் பாதை 2021 நவம்பர் 23ஆம் நாட் காலையிற் கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தோருள் இருந்தனர். வகுப்பறையில் வெறுமையாய்க் கிடக்கும் ஓர் ஆசனத்தைப் பார்த்து நிற்பது ஆசிரியருக்கு எத்தகையது என்பதை இத்தாளைப் படிக்கும் ஆசிரியர்கள் அறிவர். நீர்மேல் மிதப்பது எதுவாயினும், அது எத்தனை பேரைத் தாங்கும், யார் அதனைச் சோதித்தார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்குமுன் அதிற் பிள்ளையை ஏற்றுதல் பாவம்.

இதற்கு மறுதலையாக நெடுந்தீவு மக்களின் 'குமுதினி'யை நினைத்துப் பார்க்கின்றேன். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக ஓடிய அம்மரப்படகில் 1985 மே 15ஆம் நாள் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அத்துயரின் பின்னரும் அது கைவிடப்படவில்லை. பலமுறை கரையேற்றிச் செப்பனிடப்பெற்று மீண்டும் மீண்டும் மக்களைச் சுமந்தது. பேணுதல் என்னும் சொல்லுக்கு அகராதி கூறும் பொருள்களுள் போற்றுதலும் உண்டு, காத்தலும் உண்டு. அவ்விரண்டும் ஒன்றாகி நின்றதை அப்படகிற் காணலாம்.

என் மாணவருக்கு யான் கூறியது இதுவே: முதலிற் படகைக் கரையேற்றுக, அனுபவமுள்ள கைகளால் தட்டிப் பார்ப்பிக்க, அடியும் எஞ்சினும் வால்வும் ஒழுங்காகுக, பெயர் ஈற்றில் வரட்டும். அவர் அவ்வாறே செய்தார். அடியில் மூன்று இடங்களில் அடுக்குகள் பிரிந்திருந்தன என்றும், வால்வு ஒன்று அசையவே இல்லை என்றும் பின்னர் அறிவித்தார். குளிரூட்டி வாங்க வைத்திருந்த பணம் அவற்றுக்கே சரியாயிற்று.

மாலுமி என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றேன். அது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர் அகராதி வல்லார். முஅல்லிம் என்றால் ஆசிரியர். கடலிற் கலம் செலுத்தியவனை நம் முன்னோர் ஆசிரியன் என்றே அழைத்தனர். வல்வெட்டித்துறைத் தச்சரும் தண்டையல்களும் தம் கைத்திறத்தை ஏட்டில் எழுதாமல் மக்களின் கைகளிலேயே எழுதி வைத்தனர். அக்கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன. ஏரா, கலப்பற்று, சுக்கான், தண்டையல் முதலிய சொற்களின் பொருளை ஊரூராய்க் கேட்டு எழுதிவைக்கும் பணி நம் பள்ளிகளுக்கு உரியது. கடலோர ஊரில் பணியாற்றும் ஆசிரிய அன்பர்கள் தம் மாணவரை அடுத்த விடுமுறையில் துறைக்கு அழைத்துச் சென்று, அங்கிருக்கும் முதியோர் ஒருவரிடம் ஒரு படகின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் காட்டுமாறு வேண்டுவாராக. ஒரு குறிப்பேடும் ஒரு பிற்பகலுமே அதற்குப் போதும்.